கோயில் வேண்டாத சைவம்

கி.பி. 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் தில்லையில் இரண்டு பேர் சைவ நூல் எழுதினார்கள். ஒருவரைத் தமிழ்ச் சைவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் அவர். மாயாவாதத்தில் தொடங்கி, சைவத்துக்குள்ளேயே கிளைத்திருந்த ஐக்கியவாதம், பாடாணவாதம், சிவசமவாதம் என்று ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கும் அவருடைய ‘சங்கற்ப நிராகரணம்’ தன் காலத்தைத் தானே சொல்லிவிடுகிறது. சக ஆண்டு 1235, அதாவது கி.பி. 1313. மற்றவருடைய பெயர் மகேசுவரானந்தர், இயற்பெயர் கோரக்ஷர். சோழ நாட்டுக்காரர், மகாப்பிரகாசர் என்ற குருவின் மாணவர். அவர் எழுதிய ‘மகார்த்தமஞ்சரி’ தமிழிலும் இல்லை, வடமொழியிலும் இல்லை. மகாராஷ்டிரிப் பிராகிருதத்தில் எழுபது பாட்டு, அதற்கு ‘பரிமளம்’ என்று அவரே சமஸ்கிருதத்தில் செய்த விரிந்த உரை. ஏன் பிராகிருதம் என்பதற்கு அவர் ஒரு காரணம் சொல்கிறார். கந்தைத் துணியும் சூலமும் கபாலமும் தவிர வேறு உடைமை இல்லாத ஒரு யோகினி அவர் முன் தோன்றினாள். அவள் பேசிய மொழி மகாராஷ்டிரி. கைவிரல்களால் ஏழு என்று முத்திரை காட்டினாள். அந்த ஏழை எழுபதாக விரித்துப் பொருள்கொண்டு, அவள் மொழியிலேயே நூல் செய்தார். உமாபதியின் நூல்கள் இன்றும் மடங்களில் பாடம். மகேசுவரானந்தர் பெயரைத் தில்லையில் கேட்டால் தலையாட்டுகிறவர்கள் அரிது. அவர் விரித்துரைத்த நெறிக்கு இன்று உலகம் வைத்திருக்கும் பெயர் ‘காஷ்மீர சைவம்’.

ஒரு சோழ நாட்டுக்காரரின் நூல் காஷ்மீரக் கணக்கில் எழுதப்பட்டது எப்படி என்று கேட்டால், இன்னொரு கேள்வியும் கூடவே எழுகிறது. ‘தமிழ்ச் சைவ சித்தாந்தம்’ என்று நாம் உரிமை கொண்டாடும் இருமை நெறியின் மூத்த வடமொழி உரைகாரர்களில் பலர் காஷ்மீரத்துக்காரர்கள். பட்ட நாராயணகண்டர், அவர் மகன் பட்ட ராமகண்டர் இருவரும் அங்கே பத்தாம் நூற்றாண்டில் எழுதியவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அகோர சிவாசாரியார் மிருகேந்திர ஆகமத்துக்கு விளக்கம் எழுதியபோது நேரடியாக ஆகமத்துக்கு எழுதவில்லை; நாராயணகண்டரின் உரைக்கு உரை எழுதினார். ஆக, காஷ்மீரத்தில் செழித்த இருமைச் சைவம் தமிழ்நாட்டில் நிலைத்தது. தமிழ்நாட்டிலும் எழுதப்பட்ட இருமையற்ற சைவம் காஷ்மீரத்தின் பெயரில் நிலைத்தது. இதை மண்ணின் குணம் என்றும் இனத்தின் மனப்போக்கு என்றும் விளக்குவது நம்மிடையே வழக்கம். வடக்கே ஞானம், தெற்கே பக்தி என்று ஒரு சூத்திரமும் உண்டு. அந்த விளக்கம் சான்றுகள் முன் நிற்காது என்பதே என் வாதம். எந்த நெறி எங்கே தங்கியது என்பதை முடிவு செய்தது, அந்த நெறிக்குக் கோயில் தேவையா இல்லையா என்ற ஒரே விஷயம்தான்.

இதைச் சொல்லுமுன் இரு நெறிகளும் எங்கே பிரிகின்றன என்று பார்த்துவிட வேண்டும். இரண்டுமே ஆகமத்தை, அதாவது தந்திரத்தை, இறைவன் வாக்காகக் கொள்பவை. முப்பத்தாறு தத்துவம் இரண்டுக்கும் பொது. தீட்சை, மந்திரம், நியாசம், மண்டலம் எல்லாம் பொது. பிரிவது மலம் என்ற சொல்லின் பொருளில். சித்தாந்திக்கு ஆணவ மலம் ஒரு பொருள். நெல்லுக்கு உமி போல, செம்புக்குக் களிம்பு போல, உயிரோடு அநாதியாக ஒட்டியிருப்பது. பொருளை வெறும் அறிவால் அகற்ற முடியாது. கண்ணில் படலம் விழுந்தவனுக்கு, ‘இது படலம்’ என்று எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் பார்வை வராது. வைத்தியன் கருவியெடுத்து நீக்க வேண்டும். அந்தக் கருவிதான் தீட்சை, அந்த வைத்தியன்தான் ஆசாரியன் வடிவில் வரும் சிவன். இருமையற்ற தாந்திரிகருக்கோ மலம் என்பது அறியாமையேயன்றி வேறில்லை. சிவன் தன் சுதந்திரத்தால் தன்னையே சுருக்கிக்கொண்டு நானாகவும் நீங்களாகவும் இந்த மேசையாகவும் நிற்கிறான். மறந்ததை மீண்டும் அறிவதுதான் விடுதலை. அதற்கு அவர்கள் வைத்த பெயர் பிரத்தியபிஞ்ஞை, மீட்டறிவு. உத்பலதேவர் இதற்குத் தரும் உவமை அழகானது. ஒருவனுடைய குணங்களைக் கேள்விப்பட்டே காதல் கொண்டவள் ஒருத்தி. அவனே அவள் எதிரில் வந்து நிற்கிறான்; அவளுக்கு அவன் யாரோ ஒருவன். இவன்தான் அவன் என்று யாராவது சொன்ன அந்தக் கணத்தில் அவள் உள்ளம் நிறைகிறது. புதிதாக எதுவும் வரவில்லை, எதுவும் நீங்கவுமில்லை. இங்கே சங்கரரின் அத்வைதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவருக்கு உலகம் மாயையின் தோற்றம், பிரம்மம் செயலற்றது. இவர்களுக்கு உலகம் சிவனின் உண்மையான வெளிப்பாடு. சிவம் ஒளி மட்டுமல்ல, தன்னைத் தான் உணரும் ஒளி. பிரகாசம், விமரிசம் என்ற இரட்டைச் சொல்லில் இரண்டாவதுதான் சக்தி. அது இல்லாத பிரகாசம் ஒளிவிட்டும் தன்னை அறியாத ஸ்படிகம் போன்றதாகிவிடும் என்பது அவர்களுடைய குத்தல்.

இந்தக் கருத்து ஒரு நாளில் பிறந்ததல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து வசுகுப்தர் மகாதேவ மலையில் ஒரு பாறையில் சிவசூத்திரங்களைக் கண்டெடுத்தார் என்பது மரபுக் கதை. அவர் மாணவர் கல்லடர் அவந்திவர்மன் காலத்தவர் (855–883) என்று ராஜதரங்கிணி சொல்வதால் காலக்கணக்குக்கு ஒரு பிடி கிடைக்கிறது. அதன்பின் சோமானந்தர், உத்பலதேவர், லட்சுமணகுப்தர் என்று ஆசிரியர் வரிசை நீள்கிறது; லட்சுமணகுப்தரின் மாணவர்தான் அபிநவகுப்தர். அவர் நூல்களில் மூன்றுக்கு அவரே ஆண்டு குறித்திருப்பதால் ஏறத்தாழ 990 முதல் 1015 வரை அவர் எழுதினார் என்று உறுதியாகச் சொல்லலாம். முப்பத்தேழு ஆஹ்னிகங்கள் கொண்ட ‘தந்திராலோகம்’ இந்த நெறியின் முழு வரைபடம். இங்கே கவனிக்க வேண்டியது, அபிநவகுப்தரே தன்னைக் காஷ்மீரத்துச் சிந்தனையாளர் என்று எண்ணி எழுதவில்லை. அவருடைய முன்னோர் அத்திரிகுப்தரைக் காஷ்மீர மன்னன் லலிதாதித்தன் கங்கை யமுனைச் சமவெளியிலிருந்து அழைத்து வந்தான். கௌல நெறியில் அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் குரு சம்புநாதர், காங்க்ரா பக்கத்து ஜாலந்தரத்துக்காரர். அபிநவகுப்தர் தன் ஊரைப் புகழ்கிறார்தான். குங்குமப்பூவும் திராட்சையும் அவர் பாட்டில் மணக்கின்றன. ஆனால் ஊர்ப்பற்று வேறு, நெறிக்கு ஊர்ப்பெயர் வைப்பது வேறு. பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரச் சூழலில் தொகுக்கப்பட்ட ‘சர்வதர்சன சங்கிரகம்’ சைவ தர்சனம் என்று சித்தாந்தத்தையும், அதற்கடுத்துப் பிரத்தியபிஞ்ஞா தர்சனம் என்று இதையும் தனித்தனி இயலாக வைக்கிறது. தலைப்பில் காஷ்மீரமும் இல்லை, தமிழும் இல்லை. ஊர்ப்பெயர் பின்னால் வந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தாந்திரிகம் என்றதும் கள், இறைச்சி, கலவி என்று பேச்சு திரும்புவது தவிர்க்க முடியாதது. திரும்பட்டும், ஏனென்றால் அதுவும் வாதத்துக்குள் வரும் சான்றுதான். சங்கரவர்மன் (883–902) காலத்தில் ஜயந்த பட்டர் எழுதிய ‘ஆகமடம்பரம்’ என்ற நாடகத்தில் நீலாம்பரர்கள் வருகிறார்கள்: ஆணும் பெண்ணுமாக ஒரே நீலப் போர்வைக்குள் புகுந்துகொண்டு ஆடிப்பாடித் திரியும் கூட்டம். அரசன் அவர்களை ஒடுக்கினான் என்பது வெறும் நாடகக் கற்பனையல்ல. நாடகத்தில் அந்தச் செய்தி பரவியதும் மற்ற சைவத் துறவிகளுக்கும் நடுக்கம் எடுக்கிறது. அடுத்த முறை நமக்கா என்ற பயம். நூற்றைம்பது ஆண்டு கழித்து க்ஷேமேந்திரன் தாந்திரிக குருக்களைக் கிண்டலடித்துத் தள்ளுகிறான், அவனே அபிநவகுப்தரிடம் இலக்கியம் கேட்டவன். ஆக, இது வெறும் ஒழுக்கக்கேட்டுக்கு மதப்பூச்சு என்ற குற்றச்சாட்டு ஆங்கிலப் பாதிரிமார் கண்டுபிடித்தது அல்ல. அந்த ஊரிலேயே, அந்தக் காலத்திலேயே இருந்தது. அதில் உண்மையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். எந்த நெறியிலும் போலிகள் உண்டு, மது இருக்கும் இடத்தில் சற்று அதிகமாகவே உண்டு. ஆனால் அபிநவகுப்தரின் கௌல வழிபாட்டு இயலைப் படித்தால் அங்கே நடப்பது வேறு என்று தெரியும். தீட்டும் தூய்மையும் பொருள்களில் இருக்கும் குணங்கள் அல்ல என்பது அவர் முடிவு. ஒரு பொருள் தன்னளவில் தீட்டு என்றால் அதைத் தூய்மை செய்யவே முடியாது. தூய்மை செய்ய முடியும் என்றால் தீட்டு அதன் இயல்பு அல்ல. இதை ஒப்புக்கொள்ள அந்தணப் பிறப்பின் உடம்பு கூசுகிறது. கூச்சம் இருக்கும்வரை ‘எல்லாம் சிவம்’ என்பது வாய்ப்பேச்சு. விலக்கப்பட்ட பொருளை வழிபாட்டில் வைப்பது அந்தக் கூச்சத்தை உடைக்கத்தான். இன்பத்துக்காக அதை நாடுபவனுக்கு இங்கே இடமில்லை என்பதையும் அவர் அழுத்திச் சொல்கிறார். மலம் பொருள் என்றால் தீட்டும் பொருள். மலம் அறியாமை என்றால் தீட்டும் அறியாமை. தத்துவத்தில் தொடங்கிய பிளவு சாப்பாட்டு இலை வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அப்படிப்பட்ட நெறி அரசனின் பொதுக் கோயிலை நடத்த முடியுமா? முடியாது, நடத்த விரும்பவுமில்லை. தந்திராலோகத்தின் வழிபாடு வீட்டில், இரவில், தீட்சை பெற்ற சிலர் நடுவில், அல்லது எந்தப் புறப்பொருளும் இன்றி உள்ளத்தில் நடப்பது. இங்கே சித்தாந்தத்தின் பலம் வேறு திசையில் இருந்தது. லிங்கப் பிரதிஷ்டை, கும்பாபிஷேகம், நித்திய பூசை, உற்சவம், அரசனுக்குத் தீட்சை எல்லாவற்றுக்கும் அதனிடம் கைநூல் இருந்தது. பதினோராம் நூற்றாண்டில் சோமசம்பு எழுதியது, பன்னிரண்டில் அகோரசிவர் எழுதிய ‘கிரியாக்கிரம த்யோதிகா’ என்று. செயலால்தான் மலம் நீங்கும் என்ற தத்துவம், செயல் செய்யும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு மிக இயல்பாகப் பொருந்தியது. சோழர் கண்ட சைவம் இதுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் சர்வசிவ பண்டிதருக்கும், ஆரிய தேசம், மத்திய தேசம், கௌட தேசம் ஆகியவற்றில் வாழ்ந்த அவர் மாணவர்களுக்கும் மாணவரின் மாணவர்களுக்கும் ஆண்டுதோறும் 2,000 கலம் நெல் ஆசாரிய போகமாக முதலாம் ராஜேந்திரன் விட்ட கல்வெட்டு அங்கே இருக்கிறது. அந்த நெல்லைப் பற்றி ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். காவிரிக் கழனியில் விளைந்தது, கோயில் மரக்காலால் அளக்கப்பட்டு, வங்கத்திலும் மத்திய தேசத்திலும் வாழ்ந்த குரு பரம்பரைக்கு உரிமையாகிறது. பதினோராம் நூற்றாண்டின் சைவம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எழுத்து வேறு வேண்டாம்.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. மதுரையைச் சேர்ந்த மதுராஜர் என்ற துறவி அபிநவகுப்தரைப் புகழ்ந்து பாடிய தியான சுலோகங்கள்தான் அவரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே சித்திரம். திராட்சைத் தோட்டத்தின் நடுவில் ஸ்படிக மண்டபம்; தூப மணம், பாட்டு, ஆட்டம். பொன் இருக்கையில் வீராசனமிட்டு அமர்ந்திருக்கிறார். நிலவொளி போல் வெள்ளைப் பட்டு உடுத்தியிருக்கிறார், நெற்றியில் நீற்றுத் திலகம், காதில் உருத்திராக்கம், பூச்சரத்தால் கட்டிய நீள்முடி, நீண்ட தாடி. ஒரு கை செபமாலையோடு ஞான முத்திரை காட்ட, இன்னொரு கையின் நகம் வீணையை மீட்டுகிறது. இரு பக்கமும் இரு தூதியர். மதுக்குடமும் வெற்றிலைப் பெட்டியும் தாமரையும் நாரத்தையும் அவர்கள் கைகளில். காலடியில் க்ஷேமராஜரும் மற்ற மாணவர்களும் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். மதுராஜர் இதை நேரில் கண்டாரா, தியானத்துக்காகச் செய்துகொண்டாரா என்று அறிஞர்கள் வாதிடலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தச் சித்திரம் தெற்கத்தியர் ஒருவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது என்பது. அவர் மகன் வரதராஜர், க்ஷேமராஜரின் வழியைப் பின்பற்றி சிவசூத்திரத்துக்கு வார்த்திகம் செய்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தெற்கே சிவானந்தரும் வித்யானந்தரும் திரிபுரசுந்தரி வழிபாட்டு நூலான நித்யாஷோடசிகார்ணவத்துக்கு எழுதிய உரைகளில் பிரத்தியபிஞ்ஞைத் தத்துவம் எலும்பும் நரம்புமாக ஓடுகிறது. அந்தச் சிவானந்தரின் மாணவர்தான் மகாப்பிரகாசர், மகேசுவரானந்தரின் குரு. இப்படித்தான் இந்த நெறி தில்லைக்கு வந்து சேர்ந்தது.

இனி என் வாதத்தின் காஷ்மீரப் பாதி. 1339இல் ஷா மீர் வம்சம் ஆட்சிக்கு வந்தது. சிக்கந்தர் (1389–1413) காலத்தில் கோயில்கள் இடிபட்டதை அங்கத்திய வரலாற்றாசிரியர் ஜோனராஜர் எழுதியிருக்கிறார். கோயிலையும் அரச மானியத்தையும் நம்பி நின்ற சித்தாந்தம் அங்கே வேரற்றுப் போனது. வீட்டுக்குள் நடந்த நெறி, ஒரு குருவும் இரண்டு மாணவரும் ஒரு சாரதா எழுத்துப் பிரதியும் போதும் என்ற நெறி, சில பண்டிதர் குடும்பங்களில் தங்கியது. இருபதாம் நூற்றாண்டில் ஸ்ரீநகர் இஷ்பரில் சுவாமி லட்சுமண் ஜூ (1907–1991) வரை அந்தத் தொடர்ச்சி வந்தது. ‘சரி, எல்லாவற்றுக்கும் ஒரு சுல்தானைக் காட்டிவிட்டால் வரலாறு முடிந்ததா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுல்தான்களுக்கு முந்நூறு ஆண்டு முன்னரே சித்தாந்தத்தின் காலடி அங்கே அரிக்கப்பட்டிருந்தது. க்ஷேமராஜர் ஸ்வச்சந்த தந்திரத்துக்கும் நேத்திர தந்திரத்துக்கும் உரை எழுதியதன் நோக்கமே அதுதான். இவை கௌல இரவு வழிபாட்டு நூல்கள் அல்ல. குடும்பத்தாரும் அரசரும் பின்பற்றிய நடுத்தர வழிபாட்டு நூல்கள். சாந்தி, தீட்சை, ஈமச்சடங்கு வரை அவை கை நீட்டுபவை. அவற்றுக்கு இருமை வழியில் இருந்த விளக்கத்தை அகற்றி, இருமையற்ற விளக்கத்தை அவர் உட்கார வைத்தார். சடங்கை மாற்றவில்லை, சடங்கின் பொருளை மாற்றினார். ஆகவே கோயில் போனபோது, வீட்டுச் சடங்கில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்த நெறி மிஞ்சியது. சுல்தான் காரணம் பாதி. உரைகாரன் காரணம் பாதி.

தமிழ்ப் பாதியில் இதே காரணம் எதிர்விளைவு தந்தது. இங்கே கோயில் பெரும்பாலும் இடைவிடாமல் நடந்தது. கோயில் இருந்தால் காமிக, காரண ஆகமங்கள் வேண்டும், அவற்றை ஓதத் தீட்சை பெற்ற சிவாசாரியர் வேண்டும், அவர்களுக்கு அகோரசிவரின் பத்ததி வேண்டும். சித்தாந்தம் நின்றது. மகேசுவரானந்தரின் நெறிக்கு நிலமோ மானியமோ பரம்பரை உரிமையோ இல்லை; வாரிசு ஒரு தலைமுறை விட்டுப்போனால் ஏடு மட்டும் மிச்சம். இதற்கு மூன்று மறுப்புகள் வரும் என்று எதிர்பார்க்கிறேன். முதலாவது மறுப்பு தில்லையிலிருந்தே வரும். அங்கே தீட்சிதர்கள் சித்தாந்த ஆகமப்படி பூசை செய்வதில்லை. பதஞ்சலி பத்ததி என்று வைதிக வழக்கைச் சொல்கிறார்கள். திரைக்குப் பின்னால் தொங்கும் பொன் வில்வ மாலையும் வெறும் வெளியும் ரகசியமாகக் காட்டப்படுகின்றன. அங்கே சிவசக்தி இணைந்த சம்மேளன சக்கரம் இருப்பதாகச் சொல்வது மரபு. கோயிலுக்குள்ளேயே இருமையற்ற வழிபாடு இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அது யாருக்குத் தெரிகிறது, யார் அதைக் கற்பிக்கிறார்கள்? அந்தக் கோயில் ஒரு குலத்தின் உரிமை. அந்த வழக்கு அந்தக் குலத்தைத் தாண்டவில்லை. நாடெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான கோயில்களுக்குப் பத்ததி கொடுத்தது தில்லைக் கருவறை அல்ல, தில்லையில் எழுதிய அகோரசிவர். இரண்டாவது மறுப்பு திருமூலர். ஒன்பது தந்திரமாகப் பகுத்த நூல், திரிபுரை சக்கரம் வரைக்கும் பேசும் நூல், காஷ்மீரத்தை நம்பாமல் தமிழிலேயே இருமையின்மை பேசவில்லையா? பேசியது என்றே நானும் படிக்கிறேன். ஆனால் அது பத்தாம் திருமுறையாக வைக்கப்பட்டபின் சித்தாந்தக் கண்ணாடி வழியாகவே பாடம் சொல்லப்பட்டது. க்ஷேமராஜர் அங்கே செய்ததை இங்கே சித்தாந்திகள் திருப்பிச் செய்தார்கள்: நூலை மாற்றவில்லை, பொருளை மாற்றினார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றியவர்கள் சித்தர்கள் என்று பெயர் பெற்று மடத்துக்கு வெளியே நின்றார்கள். மூன்றாவது மறுப்பு நுட்பமானது. மெய்கண்டாரே அத்துவிதம் என்ற சொல்லை விடவில்லையே, தமிழ்ச் சித்தாந்தத்தை இருமை என்று எப்படிச் சொல்லலாம்? ராமகண்டரின் கறாரான இருமையிலிருந்து மெய்கண்டார் விலகினார் என்பது உண்மை. ஒன்றுமல்ல, இரண்டுமல்ல என்று அத்துவிதத்துக்குப் புதுப்பொருள் கண்டார். அவர் அப்படி நெகிழ வேண்டியிருந்தது ஏன் என்பதுதான் சுவாரசியம். பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஒருமை பேசும் சைவர்கள் எண்ணிக்கையில் பொருட்படுத்தத் தக்கவர்களாக இருந்திருக்க வேண்டும். ஆளில்லாத கட்சியை மறுக்க உமாபதி ஒரு நூல் முழுவதும் செலவழித்திருக்க மாட்டார்.

அந்த ஒருமைச் சைவர்கள் போன இடமும் தெரியும். சைவம் என்ற பெயரை விட்டு, தேவியின் பெயரில் வாழ்ந்தார்கள். ஸ்ரீவித்யை அது. சிவானந்தர் காலத்தில் சேர்த்த பிரத்தியபிஞ்ஞைத் தத்துவம் அப்படியே அதற்குள் இருந்தது. காசியில் படித்து, மராத்தியர் ஆண்ட தஞ்சை நாட்டுக்கு வந்து காவிரிக் கரையில் பாஸ்கரராஜபுரத்தில் குடியேறிய பாஸ்கரராயர், லலிதா சகஸ்ரநாமத்துக்கு எழுதிய ‘சௌபாக்கிய பாஸ்கரம்’ இன்றும் தமிழ்நாட்டு உபாசகர்களின் பாடநூல். அதில் காஷ்மீர ஆசிரியர்களின் மேற்கோள்கள் எந்த அந்நியமும் இல்லாமல் வந்து போகின்றன. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) திருவாரூர் கமலாம்பாளைப் பாடிய நவாவரண கீர்த்தனைகள் ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களையும் வரிசையாகத் தொட்டுச் செல்பவை. மார்கழிக் கச்சேரியில் அவற்றைக் கேட்டுத் தலையசைக்கும் ரசிகர், தாம் கேட்பது அபிநவகுப்தரின் உறவினர் வீட்டுப் பேச்சு என்று அறியாமலே கேட்கிறார். விலை ஒன்றும் கொடுக்காமல் இந்த வாழ்வு கிடைக்கவில்லை. மதுவும் இறைச்சியும் போய்ப் பாலும் இஞ்சியும் தேங்காயும் வந்தன. சௌந்தரியலகரிக்கு உரை எழுதிய லட்சுமீதரர், புறவழிபாட்டைத் தள்ளி அகவழிபாட்டை மட்டும் ஏற்கும் சமயாசாரமே உயர்ந்தது என்று வகுத்தார். அபிநவகுப்தருக்குத் தீட்டு என்பது உடைக்க வேண்டிய கூச்சம். ஸ்ரீவித்யை உபாசகரின் பூசையறையில் மடி மறுபடி குடியேறியது. தத்துவம் தப்பியது, அதன் பல் பிடுங்கப்பட்டது. நட்டம்தான் என்பது என் எண்ணம். ஆனால் பல்லோடு இருந்திருந்தால் அக்ரகாரத்துக்குள் நுழைந்திருக்காது.

ஏடுகளின் கதையும் இதே குறுக்குக்கோட்டில்தான் போகிறது. காஷ்மீரத்துச் சித்தாந்த உரைகளைத் தேடிக் காஷ்மீரத்துக்குப் போவதில் பெரிய பயனில்லை. கிரந்த எழுத்தில் தமிழ்நாட்டுச் சிவாசாரியர் வீடுகளில் படியெடுத்து வைத்திருந்தார்கள். அந்த வீடுகளிலிருந்து திரட்டப்பட்ட ஏடுகள் பெருமளவு உள்ள புதுச்சேரிச் சைவச் சுவடித் தொகுப்பை, சுமார் 11,000 சுவடிகள், யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நாட்டிய சாஸ்திரத்துக்கு அபிநவகுப்தர் எழுதிய ‘அபிநவபாரதி’ அச்சேறியது கேரளத்தில் கிடைத்த ஏடுகளைக் கொண்டு. பதிப்பித்தவர் மானவல்லி ராமகிருஷ்ண கவி. ஊர்ப்பெயர் ஒட்டியது இந்தத் தேடலின் இன்னொரு முனையில். 1875இல் ஜார்ஜ் பூலர் சுவடி தேடிக் காஷ்மீரம் போய், பண்டிதர்களிடம் இருந்த சைவ நூல்களைப் பற்றி அறிக்கை எழுதினார். மகாராஜா பிரதாப் சிங் ஆதரவில் 1911இல் ஸ்ரீநகரில் ‘காஷ்மீர நூல் வரிசை’ தொடங்கியது. அதன் முதல் பதிப்பாசிரியர் ஜகதீச சந்திர சட்டர்ஜி 1914இல் எழுதிய அறிமுக நூலுக்கு ‘காஷ்மீர சைவம்’ என்று தலைப்பிட்டார். ஓர் அரசுத் துறையின் வரிசைப் பெயர் ஒரு தத்துவத்தின் பெயராகிவிட்டது. அந்த வரிசையின் பதினோராம் நூலாக 1918இல் முகுந்தராம சாஸ்திரி ‘மகார்த்தமஞ்சரி’யைப் பதிப்பித்தார். அடுத்த ஆண்டே, 1919இல், திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையில் அறுபத்தாறாம் எண்ணாக த. கணபதி சாஸ்திரி அதே நூலை வேறு பதிப்பாகக் கொண்டுவந்தார்.